கீழ்ப் பிரிவிலிருந்து மேல் பிரிவுக்கு: அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் அணி மாறும் பையன்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வழிகாட்டி

என் தங்கை மகன் தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில் வளர்ந்தவன். பள்ளி ரக்பி அணியில் பெனால்டி அவன் காலுக்கு வந்தால் மூன்று புள்ளி வந்ததாகவே எழுதிக்கொள்ளலாம் என்று பேசுவார்கள். மெட்ரிக் என்னும் பள்ளியிறுதித் தேர்வை முடித்தபின் அமெரிக்காவில் ஒரு டிவிஷன் இரண்டு கல்லூரியின் ஃபுட்பால் அணியில், பந்தை உதைப்பதற்கென்றே இருக்கும் கிக்கராகச் சேர்ந்தான். இரண்டாம் ஆண்டின் ஆட்டப் பருவம் முடிந்த நவம்பர் கடைசியில், ஒரு நாள் நள்ளிரவு தாண்டி அழைத்து, "மாமா, போர்ட்டலில் பேர் கொடுக்கப் போறேன், டிவிஷன் ஒன்றுக்குப் போயிடலாம்" என்றான். அவன் அம்மாவுக்கு அதில் ஒரு சொல்லும் விளங்கவில்லை. எனக்குப் பாதி விளங்கியது. அடுத்த ஆகஸ்டில் அவன் புதிய கல்லூரியில் காலெடுத்து வைக்கும் வரை நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதையும், அதற்குப் பிறகு விதிகளைப் படித்துத் தெரிந்துகொண்டதையும், பிள்ளையை அங்கே அனுப்பியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

அமெரிக்காவில் ஃபுட்பால் என்பது நம் கால்பந்து அன்று, ரக்பியைப் போல நீள்வட்டப் பந்தால் ஆடுவது. அந்த ஆட்டம் நம் ஊருக்கு முற்றிலும் அந்நியமானதன்று. டர்பனில் வளர்ந்த கேரி ஆண்டர்சன், சிராக்யூஸ் பல்கலைக்கழக அணியில் உதைத்து, 1982இலிருந்து 23 பருவங்கள் என்.எஃப்.எல். தொழில்முறை ஆட்டத்தில் நிலைத்தார். 1998இல் மினசோட்டா வைக்கிங்ஸ் அணிக்காக வழக்கமான பருவத்தில் எடுத்த 35 ஃபீல்ட் கோல் (கம்பங்களுக்கு இடையே பந்தை உதைத்துப் புள்ளி எடுப்பது) முயற்சிகளில் ஒன்றைக்கூட அவர் தவறவிடவில்லை.

முதலில் படிகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு 1973இல் தன் கல்லூரிகளை மூன்று டிவிஷன்களாகப் பிரித்தது. 1978இல் டிவிஷன் ஒன்று ஃபுட்பாலுக்கு மட்டும் இரண்டாகப் பிளந்தது. அந்த இரண்டு பாதிகளும் 2006 முதல் எஃப்.பி.எஸ்., எஃப்.சி.எஸ். என்ற பெயர்களில் வழங்குகின்றன. தொலைக்காட்சியில் நாம் காணும் பெரிய மைதானங்கள் எஃப்.பி.எஸ். கல்லூரிகளுடையவை. அதற்கடுத்தது எஃப்.சி.எஸ்., அதன் கீழே டிவிஷன் இரண்டு, அதன் கீழே விளையாட்டுக்கென்று உதவித்தொகையே கொடுக்காத டிவிஷன் மூன்று. இவற்றோடு சேராமல், சிறு கல்லூரிகளைக் கொண்ட என்.ஏ.ஐ.ஏ. என்ற தனி அமைப்பும், ஈராண்டுப் படிப்பை மட்டும் தரும் ஜூனியர் கல்லூரிகளும் உண்டு. வெளிநாட்டுப் பையன்களுக்கு முதல் வாய்ப்பு பெரும்பாலும் இந்தக் கீழ்ப்படிகளில்தான் கிடைக்கிறது. அதை யாரும் குறைவாக எண்ண வேண்டியதில்லை.

இந்தப் படிகளில் ஏறுவது இன்று முன்னைவிட எளிது. முன்பு ஒரு எஃப்.பி.எஸ். கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு மாறியவன் ஓர் ஆண்டு ஆடாமல் உட்கார வேண்டியிருந்தது. 2018 அக்டோபரில் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் என்ற பொதுப் பதிவேடு வந்தது. 2021இல் ஒருமுறை மாறினால் உட்கார வேண்டியதில்லை என்றானது. 2024 ஏப்ரலில், படிப்பில் தகுதி குறையாத வரை எத்தனை முறை மாறினாலும் உடனே ஆடலாம் என்றானது. கதவு இவ்வளவு அகலமாகத் திறந்திருப்பதுதான் பையன்களை அவசரப்படுத்துகிறது. ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்வேன்: போகும் இடத்தில் ஆடக் கிடைக்குமா, இதுவரை படித்த படிப்பு அங்கே செல்லுமா, பணம் எவ்வளவு என்று எழுத்தில் வருமா என்ற மூன்றுக்கும் விடை தெரியாமல் போர்ட்டலில் பெயரைக் கொடுக்கக் கூடாது. டிவிஷனின் பெயர் நான்காவதாகப் பார்க்க வேண்டிய விஷயம்.

ஆடக் கிடைக்குமா

முன்வரிசையில் மோதும் லைன்மேன்களோ எறிந்த பந்தைப் பிடிக்கும் ரிசீவர்களோ ஓர் அணியில் பலர் ஒரே நேரத்தில் ஆடலாம். கிக்கர் ஒருவன்தான். அவன் ஊன்றி நிற்கும் வரை மற்றவர்கள் கோட்டுக்கு வெளியே நிற்க வேண்டியதுதான். ஆகவே மேலே போக நினைக்கும் கிக்கர், தன் உதை எவ்வளவு தூரம் போகிறது என்று பார்க்கும் அளவுக்கு, போகும் அணியில் இப்போது உதைப்பவன் எந்த ஆண்டு படிக்கிறான் என்றும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கல்லூரியின் விளையாட்டுத் தளத்திலும் ஆட்டக்காரர் பட்டியல் இருக்கிறது. பெயருக்கு எதிரே படிக்கும் ஆண்டும் இருக்கிறது. என் மருமகனும் நானும் ஒரு சனிக்கிழமை முழுதும் உட்கார்ந்து நாற்பது கல்லூரிகளின் பட்டியலைப் பார்த்தோம். கிக்கர் இறுதியாண்டில் இருந்து, அவனுக்கு அடுத்து வளர்ந்த ஆள் இல்லாத கல்லூரிகள் ஆறுதான் தேறின. அவற்றில் ஒன்றில்தான் அவன் பின்னர் சேர்ந்தான்.

மேல் பிரிவில் இடம் இப்போது இன்னும் இறுக்கமாகியிருக்கிறது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். எஃப்.பி.எஸ். கல்லூரிக்கு முன்பு 85 உதவித்தொகை என்பது உச்ச வரம்பாக இருந்தது. உதவித்தொகை இல்லாமல் தாமாக வந்து சேரும் வாக்-ஆன் பையன்களைச் சேர்த்தால் அணி நூற்றிருபது பேரைத் தாண்டுவதும் உண்டு. 2025-26 முதல், ஆட்டக்காரருக்குக் கல்லூரிகள் பணம் கொடுப்பது பற்றிய நீதிமன்ற உடன்பாட்டை ஏற்ற கல்லூரிகளில் உதவித்தொகை எண்ணிக்கைக்கு வரம்பு நீங்கி, அணிக்கு மொத்தம் 105 பேர் என்ற வரம்பு வந்திருக்கிறது. "முதலில் வாக்-ஆனாகச் சேர்ந்துகொள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால், அந்தப் பழைய வழி குறுகிவிட்டதை நினைவில் வைத்து, 105இல் தன் பெயர் இருக்குமா என்று நேராகக் கேட்டுவிட வேண்டும்.

கீழிருந்து மேலே போய்ப் பெயர் பெற்றவர்களின் பாதையைப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. பெரிய கல்லூரிகள் திரும்பிப் பார்க்காத கேம் வார்ட், எஃப்.சி.எஸ். பிரிவின் இன்கார்னேட் வேர்ட் பல்கலைக்கழகத்தில், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்காகத் தொடங்கினார். அங்கே அவருடைய பயிற்சியாளராக இருந்த எரிக் மோரிஸ் 2022இல் வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது வார்டும் அங்கே போனார். அதன்பின் மயாமிக்கு மாறி, தொழில்முறை அணிகள் கல்லூரி ஆட்டக்காரரை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் 2025 என்.எஃப்.எல். டிராஃப்டில் முதல் ஆளாகத் தேர்வானார். ஹூஸ்டன் பாப்டிஸ்டில் ஆடிய பெய்லி ஜாப்பியும் தன் பயிற்சியாளர் சாக் கிட்லியோடுதான் வெஸ்டர்ன் கென்டக்கிக்கு ஏறினார். 2021இல் ஒரே பருவத்தில் 5,967 கெஜம் எறிந்து, எதிரணியின் எல்லைக் கோட்டைக் கடக்கும் டச்டவுன் 62 கொடுத்து, எஃப்.பி.எஸ். சாதனை படைத்தார். தன்னை அறிந்த பயிற்சியாளர் மேலே போகும்போது கூடவே போவது, முன்பின் தெரியாதவரிடம் போய் நிற்பதைவிடப் பல மடங்கு பத்திரமானது. எனவே தலைமைப் பயிற்சியாளரிடம் மட்டுமன்றி, உதைக்கும் ஆட்டத்துக்கான சிறப்பு அணிகளைக் கவனிக்கும் உதவிப் பயிற்சியாளர்களிடமும் பையன் நல்ல உறவில் இருக்கட்டும். அவர்கள் ஆண்டுதோறும் இடம் மாறுகிறவர்கள்.

காணொளி பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் பையன்கள் ரக்பிப் பழக்கத்தில் டீ என்ற சிறு தாங்கியின் மேல் பந்தை வைத்து உதைத்த காட்சிகளை அனுப்புகிறார்கள். கல்லூரி ஃபுட்பாலில் ஃபீல்ட் கோலுக்கு டீ வைக்க 1989 முதல் அனுமதியில்லை. பந்தைப் பின்னால் எறிபவர் எறிய, பிடிப்பவர் புல்லில் நிறுத்த, கிக்கர் உதைக்க, இந்த மூன்றும் ஏறக்குறைய 1.3 நொடிக்குள் முடிய வேண்டும். ஆகவே அனுப்பும் காணொளியில் முதல் ஐந்து உதைகளும் உண்மையான ஆட்டத்தில், எதிரணி பாய்ந்து வரும்போது உதைத்தவையாக இருக்கட்டும். பந்து எறியப்படும் நொடியிலிருந்து கம்பங்களைத் தாண்டும் நொடி வரை வெட்டாமல் இருக்கட்டும். பந்து எவ்வளவு வேகமாகத் தரையை விட்டு எழுகிறது என்று அவர்கள் பார்ப்பார்கள். தவறிய உதை ஒன்றிரண்டையும் சேர்த்து அனுப்பச் சொன்ன பயிற்சியாளரையும் நாங்கள் கண்டோம். தவறிய பின் அடுத்த உதையை எப்படி எடுத்தான் என்று பார்க்க வேண்டும் என்றார். எனக்கு அந்த மனிதர்மேல் மதிப்பு வந்தது.

படித்தது செல்லுமா

எங்களுக்கு அடி விழுந்த இடம் இதுதான், அதனால் விரிவாகவே சொல்கிறேன். டிவிஷன் ஒன்றில் மூன்றாம் ஆண்டு ஆட வேண்டுமானால், எடுக்கப்போகும் பட்டப்படிப்பில் 40 விழுக்காடு முடிந்திருக்க வேண்டும். நான்காம் ஆண்டுக்கு 60, ஐந்தாம் ஆண்டுக்கு 80. இந்த விழுக்காட்டைப் பழைய கல்லூரியின் கணக்கில் பார்க்க மாட்டார்கள். புதிய கல்லூரி எத்தனை கிரெடிட்டை (படித்த பாடங்களுக்குரிய அலகு) தன் பட்டத்துக்கு ஏற்றுக்கொள்கிறதோ அதை வைத்தே பார்ப்பார்கள்.

என் மருமகன் இரண்டு ஆண்டில் 62 கிரெடிட் முடித்திருந்தான். பட்டத்துக்கு 120 தேவை. 40 விழுக்காடு என்றால் 48. ஆகவே தாராளமாகத் தேறிவிட்டான் என்று இருந்தோம். புதிய கல்லூரி 62ஐயும் ஏற்றதாகத்தான் கடிதம் வந்தது. ஆனால் அவற்றில் 47 மட்டுமே அவன் எடுத்த பாடப்பிரிவின் பட்டத்துக்குச் செல்லும், மீதி 15ம் வெறும் விருப்பப் பாடமாக நிற்கும் என்பது ஜூன் மாதம்தான் தெரிந்தது. ஒரே ஒரு கிரெடிட் குறைவு. அந்த ஒன்றுக்காக, கோடை விடுமுறைக்கு டர்பன் வரவிருந்தவன் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு, 3 கிரெடிட் வகுப்பு ஒன்றைச் சொந்தப் பணம் கட்டிப் படித்தான். அவன் பாட்டி அந்த ஆண்டு அவனைப் பார்க்கவில்லை. முன்பே கேட்டிருந்தால் ஜனவரிப் பருவத்திலேயே வேறொரு பாடத்தை எடுத்து முடித்திருப்பான்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வியைச் சரியாகக் கேட்க வேண்டும். "எத்தனை கிரெடிட் ஏற்பீர்கள்" என்று கேட்டால் பெரிய எண் ஒன்று வரும். "இந்தப் பட்டத்துக்கு, இந்தப் பாடப்பிரிவில், எத்தனை கிரெடிட் கணக்கில் சேரும்" என்று கேட்டு, விடையை மின்னஞ்சலில் வாங்க வேண்டும். அதைப் பயிற்சியாளரிடம் கேட்பதில் பயனில்லை. மதிப்பெண் பதிவேட்டை மதிப்பிடும் அலுவலகமும், விளையாட்டு விதிகளைக் கவனிக்கும் கம்ப்ளையன்ஸ் அலுவலகமும் சொல்ல வேண்டும். பாடத்திட்டத்தின் விரிவான தாள் ஒவ்வொரு பாடத்துக்கும் கையில் இருந்தால், ஏற்காத பாடத்துக்கு மறுபரிசீலனை கேட்கலாம். பழைய கல்லூரியை விட்டுப் போகும்முன்பே அந்தத் தாள்களைச் சேகரித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஜூனியர் கல்லூரியிலிருந்து டிவிஷன் ஒன்றுக்கு ஏறுபவனுக்கு, மாற்றத்தக்க பாடங்களில் சராசரி 2.5 இருக்க வேண்டும். உடற்பயிற்சி வகுப்புகளின் கிரெடிட்டில் இரண்டுக்கு மேல் அந்தக் கணக்கில் சேராது.

தென்னாப்பிரிக்கப் பையன்கள் எளிதில் விழும் ஒரு பொறியும் உண்டு. டிவிஷன் ஒன்றில், முழுநேரமாக எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் அன்றே ஐந்தாண்டுக் கடிகாரம் ஓடத் தொடங்கும். அந்த ஐந்துக்குள் நான்கு பருவம் ஆட வேண்டும். "எந்தக் கல்லூரி" என்பதில் குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகமும் அடங்கும். மெட்ரிக் முடிந்து, அமெரிக்க வாய்ப்பு வரும் வரை சும்மா இருக்க வேண்டாமே என்று இங்கே ஓர் ஆண்டு முழுநேரம் படித்தவனுக்கு அந்த ஆண்டு கழிந்துவிட்டது. டிவிஷன் இரண்டிலும் மூன்றிலும் கணக்கு வேறு: பத்து செமஸ்டர் என்று எண்ணுவார்கள், முழுநேரம் படிக்காத காலம் அதில் சேராது. கீழ்ப் பிரிவில் இன்னும் இரண்டு பருவம் மீதம் இருப்பவனுக்கு மேல் பிரிவில் ஒன்றுதான் மீதம் இருக்கக்கூடும். ஒரே ஒரு பருவத்துக்காக மாறுவது சரியா என்று அப்போது ஆறஅமர யோசிக்க வேண்டும்.

பெயர் கொடுப்பதும் அதன் விலையும்

போர்ட்டலில் பெயர் ஏற்றுவது கடினமான வேலையன்று. மாணவன் தன் கல்லூரியின் கம்ப்ளையன்ஸ் அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். டிவிஷன் ஒன்று கல்லூரியானால் இரண்டு வேலை நாட்களுக்குள் பெயரை ஏற்றிவிட வேண்டும். பெயர் ஏறிய பின்பே மற்றக் கல்லூரிகளின் பயிற்சியாளர்கள் அவனோடு பேசலாம். அதற்கு முன் நேராகவோ, ஏஜென்ட் என்று சொல்லிக்கொள்பவர் வழியாகவோ பேசுவது விதிமீறல். ஜூனியர் கல்லூரிப் பையன்கள் இந்தப் பதிவேட்டுக்கு வெளியே இருப்பவர்கள். அவர்களிடம் பயிற்சியாளர்கள் நேரடியாகப் பேசலாம். பெயர் கொடுக்கும் காலமும் வரம்புக்குட்பட்டது: டிவிஷன் ஒன்று ஃபுட்பாலுக்கு 2026இல் ஜனவரி 2 முதல் 16 வரை என்று ஒரே சாளரம் வைத்து, வசந்தகாலச் சாளரத்தை எடுத்துவிட்டார்கள். இந்த நாட்கள் அடிக்கடி மாறுவதால் அந்தந்த ஆண்டின் தேதியை அலுவலகத்திலேயே கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

விலை பெரியது. டிவிஷன் ஒன்று கல்லூரியில், பெயர் கொடுத்த அந்தப் பருவத்தின் முடிவில் உதவித்தொகையை நிறுத்தும் உரிமை கல்லூரிக்கு வந்துவிடுகிறது. திரும்பி வருகிறேன் என்றாலும் சேர்த்துக்கொள்ள வேண்டிய கடமை அதற்கு இல்லை. ஒவ்வோர் ஆண்டும் போர்ட்டலில் ஏறி, எந்தக் கல்லூரியும் அழைக்காமல் நின்றுவிடும் பையன்கள் இருக்கிறார்கள். அமெரிக்கப் பையன் அப்படி நின்றால் வீட்டுக்குப் போய் உள்ளூர்க் கல்லூரியில் சேர்ந்துகொள்வான். நம் பையனுக்கு அந்த நிலையில் விசாவே ஆடிப்போகும்.

பணத்தைப் பற்றிப் பேசும்போது வெட்கப்பட வேண்டாம் என்று பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறேன். நம்மவர்கள், கோச் தங்கமான மனிதர், போனில் சொல்லிவிட்டார் என்று நம்பிவிடுகிறோம். டிவிஷன் இரண்டில் ஒரு ஃபுட்பால் அணிக்கு மொத்தம் 36 முழு உதவித்தொகைக்குச் சமமான தொகைதான். அதைப் பல பேருக்குப் பங்கிடுவார்கள். எஃப்.சி.எஸ். கல்லூரிகளிலும் பங்கிடும் வழக்கம் உண்டு. ஆகவே "ஸ்காலர்ஷிப் உண்டு" என்ற சொல்லுக்குப் பொருளே இல்லை. எத்தனை விழுக்காடு என்பதே பொருள். ஆண்டுச் செலவு 40,000 டாலர், உதவி 60 விழுக்காடு என்று வையுங்கள்: மீதி 16,000 டாலர், டாலருக்கு 18 ராண்ட் என்று கணக்கிட்டால் 2,88,000 ராண்ட். கீழ்ப் பிரிவில் 80 விழுக்காடு வாங்கிக்கொண்டிருந்தவன் 60க்கு மேலே போனால், டிவிஷன் ஏறியிருக்கும், வீட்டின் கடனும் ஏறியிருக்கும். நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட் என்ற பழைய ஒப்பந்தத்தை 2024 அக்டோபரில் எடுத்துவிட்டதால், இப்போது கையெழுத்தாகும் நிதியுதவி ஒப்பந்தம்தான் பிடிமானம். அதில் எத்தனை ஆண்டுக்கு என்று இருக்கிறதா, தங்குமிடமும் சாப்பாடும் சேர்த்தா, கோடை வகுப்புக்கு உண்டா, காயம் பட்டால் தொடருமா என்ற நான்கையும் படித்துப் பார்க்க வேண்டும்.

பெயர், முகம் ஆகியவற்றுக்கான விளம்பரப் பணம் 2021 ஜூலை முதல் அனுமதிக்கப்பட்டிருக்கிறது. 2025 ஜூலை முதல், நீதிமன்ற உடன்பாட்டை ஏற்ற கல்லூரிகளே நேரடியாக ஆட்டக்காரருக்குப் பணம் கொடுக்கலாம். மேல் பிரிவுக்கு இழுக்கும் பேச்சில் இது கட்டாயம் வரும். எஃப்-1 மாணவ விசாவில் இருப்பவன் கல்லூரிக்கு வெளியே வேலை செய்து சம்பாதிக்கக் கடும் கட்டுப்பாடு இருப்பதால், உடன் ஆடுபவன் கண்ணை மூடிக்கொண்டு போடும் கையெழுத்து நம் பையனுக்கு நாடு திரும்பும் சீட்டாகிவிடலாம். குடிவரவு வழக்கறிஞர் படித்துப் பார்க்காமல் எதிலும் கையெழுத்து வேண்டாம்.

கீழே போவதும் ஒரு வழி

எல்லாரும் ஏறுவதைப் பற்றியே பேசுகிறார்கள். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் முதல் குவார்ட்டர்பேக்காக வர முடியாத ஜோ ஃப்ளாக்கோ, எஃப்.சி.எஸ். நிலையிலிருந்த டெலவேருக்கு இறங்கினார். அங்கே ஆடிய ஆட்டத்தால் 2008 டிராஃப்டில் 18ஆவது ஆளாக எடுக்கப்பட்டார். மேல் பிரிவில் இரண்டு ஆண்டு பெஞ்சில் உட்கார்ந்த பையனிடம் காட்ட ஒரு காணொளியும் இருக்காது. அவன் இறங்கி ஒரு பருவம் முழுதும் உதைத்தால், மீண்டும் ஏற வேண்டுமானால் ஏறலாம், இல்லையேல் பட்டத்தோடு நிம்மதியாக வெளியே வரலாம். என் மனத்துக்கு, ஆடாமல் இருப்பதைவிட ஆடுவது மேல். பதினெட்டு, இருபது வயதில் பையன்கள் வாடிப்போவது தோல்வியால் அன்று, உட்கார்ந்திருப்பதால். இறங்க நினைக்கும் மகனிடம் "ஊரில் என்ன சொல்வார்கள்" என்ற பேச்சைப் பெற்றோர் எடுக்கவே கூடாது.

விசாத் தாள்கள்

புதிய கல்லூரி சேர்க்கைக் கடிதம் கொடுத்ததும், பழைய கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலரிடம் போய், செவிஸ் என்ற அரசின் வெளிநாட்டு மாணவர் பதிவேட்டில் உள்ள தன் பதிவை மாற்றித்தரச் சொல்ல வேண்டும். அவரும் மாணவனும் பேசி ஒரு விடுவிப்புத் தேதியை முடிவு செய்வார்கள். அந்தத் தேதி வந்தபின் புதிய கல்லூரிதான் மாணவ விசாவுக்கு ஆதாரமான ஐ-20 தாளைத் தர முடியும். இங்கேதான் அவசரம் ஆகாது: கோடை வகுப்பைப் பழைய கல்லூரியில் படிப்பதானால் அது முடியும் வரை விடுவிப்புத் தேதி தள்ளியிருக்க வேண்டும். விடுவித்த நாளிலிருந்து ஐந்து மாதத்துக்குள் புதிய கல்லூரியில் வகுப்பு தொடங்க வேண்டும் என்பதால், மிக முந்தியும் வைக்கக் கூடாது. செவிஸ் எண் மாறாது. 350 டாலர் கட்டணத்தை மீண்டும் கட்ட வேண்டியதில்லை. பாஸ்போர்ட்டில் உள்ள விசாவில் பழைய கல்லூரியின் பெயர் இருந்தாலும், காலாவதி ஆகாதிருந்தால் பொதுவாக அதுவே போதும். ஆனால் டர்பன் வந்து திரும்புகையில் புதிய கல்லூரியின் ஐ-20ஐயே கையில் கொண்டுபோக வேண்டும். ஒவ்வொரு பருவத்திலும் 12 கிரெடிட்டுக்குக் குறையாமல் பதிந்திருக்க வேண்டும். பயிற்சி கடுமையாக இருக்கிறது என்று ஒரு பாடத்தை விட்டுவிட்டு 9க்கு இறங்கினால், ஆட்டத் தகுதிக்கு முன்பே விசா நிலை போய்விடும்.

புதிய ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் ஐ-20இல் உள்ள தொடக்கத் தேதியிலிருந்து 15 நாட்களுக்குள் அங்குள்ள வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் நேரில் பதிய வேண்டும். ஆகஸ்டில் பயிற்சி முகாம் காலை ஐந்தரைக்குத் தொடங்கி இரவு வரை போகும், அலுவலகம் ஐந்துக்கு மூடிவிடும். என் மருமகன் வந்திறங்கிய மறுநாளே, பெட்டியைக்கூடப் பிரிக்காமல், அம்மா கட்டிக்கொடுத்த பிளாஸ்டிக் உறையில் பாஸ்போர்ட், ஐ-20, நிதியுதவி ஒப்பந்தம், கோடை வகுப்பின் மதிப்பெண் தாள் நான்கையும் எடுத்துப்போய்ப் பதிந்துவிட்டு, வாசலில் நின்று எங்களை அழைத்தான்.